சோகேசுக்குள் இருந்த அழைப்பாணை

ஒருவர் இல்லாமலே சொல்லப்பட்ட தீர்ப்பை நீக்கி, வழக்கைத் திரும்ப விசாரிக்கக் கேட்கும் மனுவைப் பற்றி நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று சட்டத்தரணிகளாகப் புதிதாகச் சத்தியப்பிரமாணம் செய்த பிள்ளைகள் கேட்டிருந்தீர்கள். பிரிவும் உட்பிரிவும் உங்கள் போனிலேயே இருக்கின்றன. அதற்கு ஓய்வெடுத்துக்கொண்டு கிடக்கிற என்னை எழுப்ப வேண்டியதில்லை. நான் சொல்லப்போவது ஒரு வெத்திலைத் தட்டையும், ஒரு கண்ணாடி அலுமாரியையும், என் கைப்பட நான் எழுதிய ஒரே ஒரு வரியையும் பற்றி. அந்த வரியை நினைத்தால் முன்பெல்லாம் முதலில் வெட்கம் வரும், அதற்குப் பின்னால் சிரிப்பு வரும். இப்போது சிரிப்பு முந்திக்கொண்டு வருகிறது, வெட்கம் கொஞ்சம் சுணங்கித்தான் வந்து சேருகிறது.

உங்களோடு வந்து உட்கார்ந்திருக்கும் வீட்டாருக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அழைப்பாணை போயும் பிரதிவாதி வராவிட்டால், நீதிமன்றம் வாதியை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடும். அந்தத் தீர்ப்பாணை கையில் கிடைத்துப் பதினான்கு நாளுக்குள் பிரதிவாதி வந்து, தான் வராமல் போனதற்கு நியாயமான காரணம் காட்டினால், தீர்ப்பை நீக்கிவிட்டு முதலிலிருந்து விசாரிக்கலாம். பதினான்கு என்றால் பதினான்குதான். ஒருமுறை ஒரு மனிதர் பதினெட்டாம் நாள் மிக நிதானமாக வந்து உட்கார்ந்தார். நாள் போய்விட்டதே என்றேன். "போகல்ல லோயரம்மா. நான் மனிசிக்குச் சொன்ன நாளில இருந்து எண்ணிப் பாருங்க" என்றார். வீட்டில் அந்தக் கடதாசியைப் பற்றி வாய் திறக்க அவருக்கு நாலு நாள் எடுத்திருக்கிறது. அவருக்கு நான் ஒரு தேத்தண்ணி கொடுத்து அனுப்பியதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியவில்லை.

சீனித்தம்பியர் வந்தது பன்னிரண்டாம் நாள். வாவியில் இறால் பிடிக்கிற மனிதர், ஐம்பது வயதுக்கு மேல், அதிகம் பேசாதவர். தீர்ப்பாணையை ஒரு பொலித்தீன் பைக்குள் சுற்றி, அந்தப் பையை இன்னொரு பைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். ஏன் இவ்வளவு பிந்தி வந்தீர்கள் என்று கேட்டதற்குக் கையை நீட்டிக் காட்டினார். மணிக்கட்டில் மஞ்சள் காப்பு நூல். ஊரில் அம்மன் சடங்கு, காப்புக் கட்டியவர் சடங்கு முடியும்வரை ஊர் எல்லை தாண்டக் கூடாது. அம்மன் விட்ட கையோடு நேரே என்னிடம் வந்திருக்கிறார். பதின்மூன்றாம் நாள் பௌர்ணமி, போயா விடுமுறை. ஆக எனக்கு மிச்சம் இருந்தது அன்றைய பின்னேரமும் கடைசி நாளும்தான்.

விசயம் இதுதான். வாவிக்கரையில் அவருக்கு ஒரு துண்டுக் காணி. தன் கலியாணத்துக்கு முந்தின மாதம் வாங்கி உறுதிப் பத்திரம் எழுதியது. அதில் மகளுக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தார். நம்ம பக்கத்தில் மகளுக்கு வீடு இல்லாமல் கலியாணம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளை வீட்டார் வந்து பேசி, ஆவணியில் நாளும் குறித்தாயிற்று. சுவர் நிலைமட்டத்துக்கு எழும்பி நின்றது. இந்த நேரத்தில்தான், பக்கத்துத் தென்னந்தோட்டத்தை வாங்கிய கொழும்புக்காரர் ஒருவருடைய அளவைப் படத்துக்குள் இவருடைய காணியும் விழுந்து, வழக்குப் போட்டு, யாரும் வராததால் அவருக்கே தீர்ப்பாகியிருந்தது. வேலி போட வந்த தோட்டத்து ஆட்கள் சுவரைக் கண்டு, மேசனிடம் விசாரித்து, அதன் பிறகுதான் தீர்ப்பாணை இவர் கைக்கு வந்திருக்கிறது.

"அழைப்பாணை வரல்லயா?" என்று கேட்டேன்.

"சத்தியமா இல்லம்மா. ஒருத்தரும் என்ட கடப்பால உள்ளுக்கு வரல்ல."

"யாரும் ஒரு கடதாசியும் தரல்லயா?"

"அம்மன் மேல சத்தியம். வந்திருந்தா நான் வராம இரிப்பனா? மகள்ட வீடு அது."

அவர் குரல் அந்த இடத்தில் கொஞ்சம் உடைந்தது. எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. வழக்கேட்டைப் போய்ப் பார்த்தேன். நீதிமன்றக் கடதாசிகளைக் கொண்டுபோய்க் கொடுக்கும் பிஸ்கால் உத்தியோகத்தர், ஆரையம்பதியில் உள்ள விலாசத்தில் ஒப்படைத்ததாக ஒரு வரி எழுதியிருந்தார். சீனித்தம்பியரை எல்லோரும் ஆரையம்பதிச் சீனித்தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு அதில் ஒன்றும் உறுத்தவில்லை. அன்று பின்னேரம் சத்தியக்கடதாசி எழுத உட்கார்ந்தேன். எழுதினேன் பாருங்கள்: "மேற்படி உத்தியோகத்தர் குறித்த விலாசத்துக்கு ஒருபோதும் செல்லாமலேயே, சென்று ஒப்படைத்ததாகப் பொய்யான அறிக்கை சமர்ப்பித்துள்ளார்."

எழுதிவிட்டு எனக்கு அந்த வரி அவ்வளவு பிடித்துப்போயிற்று. என் கிளாக்கர் ஹனிபாவைக் கூப்பிட்டு உரக்க வாசிக்கச் சொன்னேன். காத்தான்குடிக்காரர், என்னோடு இருபது வருடம். வாசித்தார். "நல்லாத்தான் இரிக்கி" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. ஹனிபா அப்படி நிறுத்திக்கொண்டால் அதில் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அன்று எனக்குக் காது கேட்கவில்லை.

கடைசி நாள் நடந்ததைச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். காலையில் சீனித்தம்பியர் வந்து கையெழுத்து வைப்பதாக ஏற்பாடு. வந்து சேர்ந்தது பின்னேரம் இரண்டரைக்கு, தோணியின் எஞ்சின் வாவி நடுவில் நின்றுபோனதாம். சமாதான நீதவானைத் தேடிப் பிடித்துச் சத்தியம் செய்வித்து, ஹனிபாவின் மோட்டார்சைக்கிளில் பின்னால் ஏறிக் கோவைகளை மடியில் வைத்துக்கொண்டு போனால், பாலத்துக்கு முன்னால் ஒரு பட்டி மாடு. ஹனிபா கோன் அடிக்கிறார், மாடுகள் திரும்பிப் பார்க்கின்றன, அவ்வளவுதான். நான் இறங்கி, சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மாடுகளுக்கு நடுவால் ஓடினேன். கறுப்புக் கோட்டோடு ஒரு பொம்பிளை ஓடி வருவதைக் கண்டு மாடுகள் வழிவிட்டன. பதிவறை மூடப் பத்து நிமிடம் இருக்கும்போது முத்திரை விழுந்தது. அந்த வாசல் படியிலேயே உட்கார்ந்து நானும் ஹனிபாவும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம்.

விசாரணைக்கு ஆறு வாரம் தள்ளித் தவணை கிடைத்தது. அந்தத் தவணைக்கு ஒரு கிழமைக்கு முன்னால், ஒரு காலையில் ஹனிபா வந்து கதவைச் சாத்தினார். அவர் கதவு சாத்துகிற ஆளே இல்லை.

"லோயரம்மா, ஒரு விசயம். பொஞ்சாதி ஆரையம்பதியில ஒரு வீட்டுக்குச் சாரி குடுக்கச் சொன்னா. போன நான். நேசம்மா எண்டு ஒரு ஆள். அவட ஹோல்ல சோகேஸ் ஒண்டு இரிக்கி. கலியாணப் போட்டோ, புள்ளட கிண்ணம், மறுகா நடுவுல நிமித்தி வச்சிரிக்கி ஒரு கடதாசி."

"என்ன கடதாசி?"

"நம்மட வழக்கு நம்பர்."

ஹனிபா போனில் எடுத்த படத்தைக் காட்டினார். அரச இலச்சினையோடு அழைப்பாணை, கண்ணாடிக்குப் பின்னால், ஒரு பக்கம் மணமக்கள், ஒரு பக்கம் பிளாஸ்டிக் ரோசாப்பூ.

நேசம்மா யார்? சீனித்தம்பியரின் ஒரே தங்கச்சி. அந்த வீடு நிற்பது அவர் பிறந்த வளவில். அவர் கலியாணம் முடித்து வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், மனைவி பூமணியின் வீட்டுக்குப் போய் இருபத்தைந்து வருடமாகிறது. கலியாணத்துக்கு முன் எழுதிய உறுதியில் தாய் வீட்டு விலாசம் இருந்தது. கொழும்புக்காரர் அந்த விலாசத்தைப் பார்த்து எழுதினார். பிஸ்கால் அந்த விலாசத்துக்குப் போனார். போனார் என்பதுதான் விசயம். போய்க் கொடுத்தும் இருக்கிறார்.

என் கட்சிக்காரர் பொய் சொல்லவில்லை. "என்ட கடப்பால வரல்ல" என்றார். அந்தக் கடப்பு எந்த வீட்டு வேலி வாசல் என்று நான் கேட்கவில்லை. நம்ம பக்கத்தில் கலியாணம் முடித்த ஆம்பிளை மனைவி வீட்டில் இருப்பான் என்பது எனக்குத் தெரியாததா? என் வீட்டுக்காரரும் என் சீதன வீட்டில்தான் இருக்கிறார். தெரிந்த விசயமாக இருந்ததால்தான் கேட்கத் தோன்றவில்லை. மிச்சத்தை என் கோபம் எழுதிவிட்டது.

"எதிர்ப்பக்கத்துக்கு இது தெரியாது" என்றார் ஹனிபா, தரையைப் பார்த்துக்கொண்டு. "அவ வாய் தொறக்கவும் மாட்டா போல. அண்ணன் பொஞ்சாதியோட கதையில்ல."

அவர் எனக்கு வழி சொல்லவில்லை, வழி இருக்கிறது என்று மட்டும் சொன்னார். நான் பயந்துபோயிருந்தேன், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. பேசாமல் இருந்தால், ஒரு கிழமையில் நான் எழுந்து நின்று, போன ஒரு மனிதரைப் போகவில்லை என்று குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். அவர் வேலை போகலாம். அந்த உத்தியோகத்தரை எனக்கு வருடக்கணக்காகத் தெரியும், மழையில் நனைந்த கடதாசிகளைத் தன் வீட்டு அடுப்புக்கு மேலே காயவைத்துக் கொண்டுவரும் மனிதர். பேசினால், என் கட்சிக்காரர் சத்தியம் செய்த கடதாசியில் ஒரு வரி பொய் என்று நானே சொன்னதாகும். நீதிபதி மலைநாட்டுப் பக்கம் இருந்து மாற்றலாகி வந்தவர், சத்தியக்கடதாசியை மாற்றினால் மனுவைத் தள்ளிவிடுவார் என்று பெயர் எடுத்தவர். தள்ளினால் ஆவணிக்கு வீடு இல்லை, வீடு இல்லாவிட்டால் கலியாணம் இல்லை.

ஒரு பகல் முழுக்க யோசித்தேன். பின்னேரம்தான் எனக்கு ஒன்று உறைத்தது. உண்மை நம் பக்கம்தான் இருந்தது. பிரதிவாதி குடியிருக்காத வீட்டில் அழைப்பாணையைக் கொடுத்திருக்கிறார்கள். வராமல் போனதற்கு இதைவிட நல்ல காரணம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? அதைக் கேட்டு வாங்காமல், என் கோபத்தால் ஒரு சொத்தைக் காரணத்தைச் செய்து போட்டிருக்கிறேன். எனக்கு என் தலையில் நானே குட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது, குட்டியும் கொண்டேன்.

இனி நேசம்மா வந்து சாட்சி சொல்ல வேண்டும். போனேன். வாசலிலேயே பலகாரம் வைத்து உபசரித்தார்.

"வாறன் லோயரம்மா. அண்ணனுக்காக நான் எங்கயும் வருவன். ஆனா அவ வந்து சொல்ல வேணும்."

"யார்?"

"மச்சாள். மூணு வருசத்துக்கு முந்தி சின்ன மகள் பெரிய மனிசியான சாமத்திய வீட்டுக்கு எனக்கு வட்சப்பில சொன்னவ. வட்சப்பில. பூப்படம் போட்டு. நான் என்ன ஊரில இல்லாத ஆளா? சொந்த மாமிக்கு வெத்திலை வச்சுச் சொல்லத் தெரியாதா? அண்டைக்கே சொல்லிப்போட்டன், அவ வளவுக்குள்ள கால் வைக்கிறல்ல எண்டு."

படுவான்கரைக்குப் போனேன். பூமணி மா இடித்துக்கொண்டிருந்தார். விசயத்தைச் சொன்னேன். உலக்கை நின்றது.

"நான் போறதா? ஏலா."

"வீடு போயிரும்."

"போனாப் போகட்டும்."

சீனித்தம்பியர் ஒரு மூலையில் நின்று வலையில் இல்லாத பொத்தலைத் தேடிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுமை போயிற்று. நான் சட்டத்தரணி என்பதை மறந்து, நம்ம ஊர்ப் பொம்பிளையாகவே கேட்டேன். "கலியாணத்தில மாமி இல்லாமப் பிள்ளைக்குச் சடங்கு செய்வீங்களா? எப்படியும் ஆவணியில வெத்திலைத் தட்டோட அந்த வீட்டுக்குப் போகத்தான் வேணும். கலியாணம் நடக்க வேணுமெண்டா, ஒருக்கா முந்திப் போங்க. கோர்ட்டுக்கு வைங்க வெத்திலையை."

பூமணி என்னைப் பார்த்தார். உலக்கையைப் பார்த்தார். பிறகு வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டார். சிரிப்பு. அந்த முகத்தில் மூன்று வருடக் கோபம் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டை நான் என்றைக்கும் மறக்கமாட்டேன்.

அடுத்த நாளே போய்விட்டார். நான் பார்க்கவில்லை, ஹனிபா மனைவியின் சாரிக் கணக்கைச் சாட்டாக வைத்துப் போய்ப் பார்த்து வந்து நடித்துக் காட்டினார். பூமணி பட்டுடுத்து, தட்டில் வெத்திலை, பாக்கு, வாழைப்பழம் வைத்து, கடப்புக்கு வெளியிலேயே நின்று, பாடம் சொல்வது போல ஒரே மூச்சில் சொன்னாராம்: "மச்சாள், வாற புதன்கிழமை காலம ஒன்பது மணிக்கு மாவட்டக் கோர்ட்டில அண்ணன்ட வழக்கு வச்சிரிக்கம். குடும்பத்தோட வந்து நடத்தித் தர வேணும்." நேசம்மா இரண்டு கையாலும் தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாராம்.

குடும்பத்தோட என்று சொல்லியிருக்கக் கூடாது. புதன்கிழமை காலை எட்டரைக்கு நீதிமன்ற வாசலில் ஒரு வான் வந்து நின்றது. கதவு திறந்தால் இறங்கி முடிகிறதில்லை. பட்டுச் சேலை, மல்லிகைப்பூ, வேட்டி சால்வையோடு நேசம்மாவின் கணவர், அவருடைய சகோதரங்கள், சின்னப் பிள்ளைகள், இரண்டு தகரம் நிறையச் சீனி அரியதரப் பலகாரம். வாசலில் நின்ற பொலிஸ்காரர் தகரத்தைத் திறந்து சோதித்துவிட்டு, "எந்தக் கலியாணம்?" என்று கேட்டார். ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டுதான் கேட்டார்.

நீதிபதி வந்து அமர்ந்து, மண்டபத்தைப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார். "இவர்கள் யார்?"

"சாட்சியின் குடும்பம், கனம் நீதிபதி அவர்களே. முறைப்படி அழைக்கப்பட்டு வந்திருக்கிறார்கள்" என்றேன். என் குரல் சிரிப்பின் விளிம்பில் நின்றது. ஆனால் அடுத்து நான் சொல்ல வேண்டியது சிரிக்கிற விசயமில்லை.

சாட்சியைக் கூப்பிடும் முன்பே எழுந்து சொல்லிவிட்டேன். சத்தியக்கடதாசியின் ஏழாம் பந்தியில் உத்தியோகத்தரைப் பற்றி உள்ள வரியை மீளப்பெறுகிறேன். அது என் கட்சிக்காரர் எனக்குச் சொன்னதல்ல. அவர் சொன்னது, தன்னிடம் யாரும் வரவில்லை என்பது மட்டும். அதைத் தாண்டி எழுதியது நான். உத்தியோகத்தர் போயிருக்கிறார் என்று இப்போது எனக்குத் தெரியும். அவரிடம் இந்த இடத்தில் மன்னிப்புக் கேட்கிறேன்.

பின் வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்த உத்தியோகத்தர் நிமிர்ந்து பார்த்தார். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கொழும்பில் இருந்து வந்தவர், வில்லில் இருந்து விட்டது போல எழும்பினார். சத்தியக்கடதாசி பொய் என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள், இந்த நிமிடமே மனுவைத் தள்ள வேண்டும் என்றார். நீதிபதி பேனையை மேசையில் வைத்தார். "சாட்சியைக் கேட்டுவிட்டுத் தீர்மானிக்கிறேன், அமருங்கள்" என்றார்.

நேசம்மா கூண்டில் ஏறி எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார். அழைப்பாணை தன் கையில் வந்ததைச் சொல்லி அதை நீதிமன்றத்திடம் கொடுத்தார், பிறகு எதிர்த்தரப்பு தொடங்கியது.

"வழக்குக் கடதாசி என்று தெரிந்துகொண்டே ஒளித்து வைத்தீர்களா?"

"ஒளிச்சு வைக்கல்ல ஐயா. எல்லாருக்கும் தெரியத்தான் சோகேசில வச்சிருந்தன்."

மண்டபம் குலுங்கியது. நீதிபதி மேசையில் தட்டினார்.

"அப்படியானால் அண்ணன் ஏன் காணவில்லை?"

"அவர் உள்ளுக்கு வாறல்லயே. மச்சாளுக்கும் எனக்கும் கோவம் வந்ததில இருந்து, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை இறால் பையைக் கடப்பில கொழுவிப்போட்டு, கோன் அடிச்சிட்டுப் போவார்."

"அந்த நேரம் போய்க் கொடுத்திருக்கலாமே?"

"அவர் போன பிறகுதான் நான் வெளிய வருவன். கோவமெண்டா கோவம்தானே ஐயா."

"தொலைபேசியில் சொல்லியிருக்கலாம்."

"அண்ணன்ட போன் மச்சாள்ட கையிலதான் இரிக்கும்."

பூமணி தலையைக் குனிந்துகொண்டார். தோள் மட்டும் ஆடியது. எதிர்த்தரப்புக்காரர் கடைசியாக வைத்திருந்த கேள்வியை எடுத்தார். கெட்டிக்காரத்தனமான கேள்வி. "உத்தியோகத்தர் வந்து கேட்டபோது, இது அண்ணனுடைய வீடுதான் என்று நீங்கள் சொன்னீர்களா இல்லையா?"

"சொன்னன்."

"ஆக, அது அவர் வீடுதான்?"

"அவர் கட்டின வீடு ஐயா. அப்பா இல்லாத எனக்குச் சீதனம் குடுக்கவெண்டு, பதினாறு வயசில இருந்து வாவியில கிடந்து கட்டினவர். கட்டிக் குடுத்திட்டு, உடுத்த சாரத்தோட மச்சாள் வீட்ட போனவர். அது அவர்ட வீடுதானே. வேற எப்புடிச் சொல்ற?"

இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. சீனித்தம்பியர் காப்பு இருந்த மணிக்கட்டைத் தடவிக்கொண்டு நிலத்தைப் பார்த்தார். எதிர்த்தரப்புக்காரரும், அவரையும் சொல்ல வேண்டும், கோவையை மூடிவிட்டு உட்கார்ந்தார்.

பிறகு பிஸ்கால் உத்தியோகத்தர். அவருக்காக ஒரு காலத்தில் நான் இருபது கேள்வி எழுதி வைத்திருந்தேன். அன்று கேட்டது இரண்டு.

"நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள்?"

"மனைவியின் வீட்டில்."

"நீங்கள் பிறந்த வீட்டுக்கு உங்கள் பெயரில் ஒரு கடதாசி போனால், உங்களுக்குக் கிடைக்குமா?"

அவர் யோசித்தார். நேர்மையான மனிதர், அவசரப்படமாட்டார். "தங்கச்சி தருவா" என்றார். பிறகு நேசம்மாவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "அநேகமாகத் தருவா" என்று திருத்திக்கொண்டார்.

நீதிபதி குனிந்து, கீழே இருந்த மொழிபெயர்ப்பு முதலியாரிடம் மெல்ல ஏதோ கேட்டார். முதலியார் எழுந்து, காதோரம் சிவக்க, "நானும் வைஃப் வீட்டிலதான் சேர்" என்றது மூன்றாவது வாங்கு வரைக்கும் கேட்டது. மலைநாட்டு மனிதர் முதல் தடவையாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுதினார்.

கட்டளை அடுத்த தவணையில் வந்தது. தீர்ப்பாணை நீக்கப்பட்டது, பிரதிவாதி மறுமொழி தாக்கல் செய்யலாம், வழக்கு முதலிலிருந்து விசாரிக்கப்படும். அதில் என்னைப் பற்றியும் ஒரு வாக்கியம் இருந்தது. சட்டத்தரணி தன் கட்சிக்காரரின் வார்த்தைக்கு மேலதிகமாகத் தன் கற்பனையைச் சேர்ப்பதைத் தவிர்த்துக்கொள்வது நல்லது என்று. அந்தப் பக்கத்தை நான் பிரதி எடுத்து மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருந்தேன். இன்றைக்கு அந்த மேசை உங்களில் ஒருவரிடம் இருக்கிறது, தூக்கிப் பாருங்கள்.

புதிய விசாரணை வருடக்கணக்கில் நீளவில்லை. நீதிமன்றம் அனுப்பிய நில அளவையாளர் கயிறு பிடித்தார். காணி தோட்டத்து எல்லைக்கு வெளியே கிடந்தது. கொழும்புக்காரர் அன்றுதான் முதல் தடவை அந்த இடத்துக்கு வந்தார், எழும்பி நின்ற சுவரையும் அதற்குப் பக்கத்தில் நின்ற சீனித்தம்பியரின் மகளையும் பார்த்தார், வழக்கைத் திரும்பப் பெறச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். கலியாணம் ஆவணியில் நடக்கவில்லை. தை மாதத்துக்குத் தள்ளிப் போனது. மாப்பிள்ளை வீட்டார் பொறுத்திருந்தார்கள்.

பிள்ளைகளே, உங்களிடம் வருகிறவர் அழுதுகொண்டு வருவார், நாள் முடியப்போகும், மாடு வழி மறிக்கும். அந்த நேரம் உங்களுக்கு அவர்மேல் வரும் இரக்கமே உங்கள் பேனையைப் பிடித்துக்கொண்டு ஓடும். அவர் சொன்னது எது, நீங்கள் சேர்த்தது எது என்று ஒரு தடவை நிறுத்திப் பாருங்கள். இன்னொன்று, உங்கள் கிளாக்கர் "நல்லாத்தான் இரிக்கி" என்று சொல்லிவிட்டு நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள்.

புது வீட்டுக் குடிபூரலுக்கு என்னையும் ஹனிபாவையும் அழைக்கப் பூமணியும் நேசம்மாவும் ஒன்றாகத் தட்டோடு வந்தார்கள். பிஸ்கால் உத்தியோகத்தருக்கும் வெத்திலை வைத்தார்கள், மனைவி வீட்டு விலாசத்தைச் சரியாகக் கேட்டுக்கொண்டு போய். பால் காய்ச்சி முடிந்து, எல்லோரும் புது விறாந்தையில் இருக்கும்போது, நேசம்மா கடப்படியில் வந்து ஒரு நிமிடம் நின்றார். பிறகு வலது காலை எடுத்து உள்ளே வைத்தார். கையில் ஒரு கடதாசி. அழைப்பாணையின் மூலப்பிரதி வழக்கேட்டிலேயே தங்கிவிட்டதால் சோகேசில் நடு இடம் காலியாகிவிட்டது என்று நச்சரித்து, ஹனிபாவைக் கொண்டு நீதிமன்றத்தில் எடுப்பித்த உறுதிப்படுத்திய பிரதி.

நேரே சீனித்தம்பியரிடம் போனார்.

"அண்ணன், கோர்ட்டால உங்களுக்கு ஒரு கடதாசி வந்திரிக்கு. கொஞ்சம் சுணங்கிப் போச்சு."

சீனித்தம்பியர் கையை வேட்டியில் துடைத்து, இரண்டு கையாலும் வாங்கினார். கண் நிறைந்திருந்தது. பிஸ்கால் உத்தியோகத்தர் பாயாசக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சட்டைப் பையில் இருந்து பேனையை எடுத்தார். கடதாசியைக் கேட்டு வாங்கி, பின்பக்கம் திருப்பி, முழங்காலில் வைத்து எழுதினார். எழுதியதை எங்களுக்கு வாசித்தும் காட்டினார்.

"ஆளை நேரில் கண்டு, அவருடைய மகளின் வீட்டில் வைத்து, கையில் ஒப்படைக்கப்பட்டது."